ஒரே தண்டில் இரண்டு இனமா?

கேள்வி: வெப்பக்கடலில் ஆழமில்லாத இடத்தில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். ஓர் ஓடுதண்டில் ஒரு கிளை முழுக்கத் திராட்சை போன்ற உருண்டைகள். பக்கத்துக் கிளையில் தட்டையான வட்டங்கள். இரண்டு பாசி இனங்கள் பின்னிக் கிடக்கின்றனவா? படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியுமா?

பதில்: தண்டு நடுவில் அறுபடாமல் போகிறது என்றால் இனம் ஒன்றுதான். உங்கள் படத்தில் இருப்பது கௌலெர்ப்பா என்ற பச்சைப்பாசிப் பேரினம். எவ்வளவு தூரம் ஓடினாலும் உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. எக்கச்சக்கமான உட்கருக்களோடு மொத்தமும் ஒரே செல். அந்த ஒரே செல் வெளிச்சத்துக்கு ஏற்ப வேஷம் மாற்றும். உருண்டைக்காரனை ‘ரேசிமோசா’ என்றும் தட்டுக்காரனை ‘பெல்டேட்டா’ என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் வெளிச்சத்தை மாற்றி வளர்த்தபோது ஒன்று மற்றொன்றின் உருவத்துக்கு வந்துவிட்டது! அதற்காக எல்லாம் ஒன்றே என்று மூட்டை கட்டிவிடவும் முடியாது. 2014-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தக் கும்பலுக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. அதற்கு உதவியவற்றில் ஒன்று, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் டஃப்-ஏ (tufA) மரபணு. ஆகவே படத்தைப் பார்த்து ‘கௌலெர்ப்பா’ என்று சொல்வேன். இனப்பெயர் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன்.

எல்லாப் பச்சைப்பாசியும் இப்படிப் படுத்துவதில்லை. கௌலெர்ப்பாவிலேயே டாக்ஸிஃபோலியா என்ற இனம் இறகு போல இருக்கும். அதன் சிற்றிலைகள் அடியில் ஒடுங்கி, மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைப் போன்ற இன்னொரு இனமான மெக்சிகானாவில் அந்த ஒடுக்கம் இருக்காது. நல்ல படமே ஓரளவு சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்தது ஹாலிமீடா. சுண்ணாம்பேறிய வில்லைகள் கோத்த பாசி. வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். ஒரு துண்டை வினிகரில் போடுங்கள்; குமிழ் விட்டுச் சுண்ணாம்பு கரைந்து, மெல்லிய பச்சை இழைகள் மிஞ்சும். அப்புறம் இரண்டு வில்லைகள் சேரும் கணுவை நுண்ணோக்கியில் பாருங்கள். ஓபன்ஷியா என்ற ஹாலிமீடா இனத்தில் இழைகள் இரண்டு மூன்றாகக் கொஞ்ச தூரம் ஒட்டிப் பிரியும். மேக்ரோலோபா என்ற இனத்தில் எல்லாம் ஒன்றோடொன்று துளைகளால் இணைந்து ஒரே கட்டாக நிற்கும். மணலில் பருத்த கிழங்கு போன்ற பிடிப்பு வைத்திருப்பதும் இதுதான். ஆனால் பறிக்கும்போது அந்தப் பிடிப்பை மண்ணிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அடுத்த முறை பாசியின் அடிப்பகுதி தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஆழம், பாறையா மணலா, நிழலா வெயிலா என்பதையும் எழுதுங்கள். எடுக்க அனுமதி உள்ள இடமென்றால் நுனியில் ஒரு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வையுங்கள். ஃபார்மலின் மட்டும் வேண்டாம், மரபணு கெட்டுவிடும்.