இருபத்தாறு நாள்

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஒன்றரை வயதிலேயே தலசீமியா மேஜர், அதாவது உடம்பால் போதிய ஹீமோகுளோபின் உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோய் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்த மாதிரி கொடுக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பள்ளி போய்விடுகிறது. "இப்படி அடிக்கடி லீவு போட்டால் எப்படிப் படிப்பான்?" என்று ஆசிரியை கேட்கும்போது, விடுப்புக் கடிதத்தோடு குற்றவாளிபோல் நிற்கிறேன். சென்ற ஆண்டு விழாவில், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அன்று இரவு, "ரத்தம் ஏற்றாமல் இருந்தால் எனக்கும் கிடைக்குமா அம்மா?" என்று கேட்டான். பள்ளியை நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை நிறுத்த வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 13 முறை, முறைக்கு இரண்டு நாள் என்றால் 26 நாள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறாம் வகுப்புக்கு ஆண்டில் 220 வேலை நாட்கள். அதில் 26 என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கோடை விடுமுறையில் வருவதைக் கழித்தால் இன்னும் குறையும். காய்ச்சலுக்குப் பத்து நாள் சேர்த்தாலும் அவன் 184 நாள் வகுப்பில் இருப்பான். ஆறாம் வகுப்பில் வருகை குறைவென்று அதே வகுப்பில் நிறுத்திவைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. "அடிக்கடி லீவு" என்ற சொல்தான் உங்களை மிரட்டியிருக்கிறது.

அவனுடைய விடுப்பு திடீரென்று வருவதில்லையே. ஜூன் மாதமே நாட்காட்டியில் ஏறக்குறைய குறித்துவிடலாம். பள்ளி திறந்ததும் மருத்துவரின் சான்றோடு அந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடிதத்தோடு வாசலில் நிற்கும் வேலை அதோடு தீர வேண்டும்.

உண்மையில் எனக்குக் கவலை, அவன் வராத நாட்களைப் பற்றி அல்ல. ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய நான்கைந்து நாட்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஹீமோகுளோபின் இறங்கி, முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் தலை மேசையில் சாயும். வருகைப் பதிவேட்டில் "வந்திருக்கிறான்" என்று இருக்கும். பாடம் ஒன்றும் ஏறியிருக்காது. பார்க்கிற ஆசிரியைக்கு அது சோம்பலாகத்தான் தெரியும், நீங்கள் சொல்லாதவரை. அந்த நாட்களில் விளையாட்டு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பருவத் தேர்வு அந்த வாரத்தில் விழுந்தால், ரத்தம் ஏற்றுவதைச் சில நாள் முன்னதாக வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேர்வுக்காகவோ கோப்பைக்காகவோ நீங்களாக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆசிரியைக்கு எழுதும் கடிதத்தில் இன்னொன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு நாள் பள்ளியில் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது நல்லது. உங்கள் மகனுக்கோ ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் இரும்பு வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது; உடம்புக்கு அதைத் தானாக வெளியேற்றத் தெரியாது. அதற்காகத்தானே தினமும் இரும்பை இறக்கும் மாத்திரை கொடுக்கிறீர்கள்? சொன்ன பேச்சைக் கேட்கிற பையன், வரிசையில் நின்று வாயில் போட்டுக்கொள்வான். அவனுடைய மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரை அவனுக்குத் தரப்படக் கூடாது என்று எழுதுங்கள், அவனிடமும் சொல்லிவையுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல என்றும் ஒரு வரி சேருங்கள். பக்கத்தில் உட்கார யோசிக்கிற பிள்ளைகளுக்கு ஆசிரியை சொன்னால்தான் எடுபடும்.

மருத்துவமனையில், அவன் எந்தக் கையால் எழுதுவான் என்பதை ஊசி குத்துவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். வலக்கைக்காரன் என்றால் ரத்தம் ஏற்றக் குத்தும் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) இடக்கையில் இருக்கட்டும். மூன்று நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை, இன்னொரு கை படம் வரையவும் கதைப் புத்தகம் புரட்டவும் விடுதலையாக இருக்கும். அந்தக் கட்டிலை டியூஷன் சென்டர் ஆக்கிவிடாதீர்கள். விட்டுப்போன பாடத்துக்கு வகுப்பில் ஒரே ஒரு நண்பன் போதும். அவனுடைய நோட்டு அன்று மாலை உங்கள் வீட்டுக்கு வரட்டும். எல்லாப் பக்கத்தையும் பார்த்து எழுதவைத்தால் அது தண்டனையாகிவிடும். எது அவசியம் என்று ஆசிரியை குறித்துக் கொடுத்தால் மற்றதை விட்டுவிடலாம். கணக்கை மட்டும் விடாதீர்கள். மறுநாள் கால் மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் இருக்கிறது. "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லைக் கேட்டதும் பல தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். ஆனாலும் அரசு மருத்துவமனையில் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மேல் வகுப்புகளில் சலுகை கேட்டு அலையும்போது கையில் ஒரு காகிதம் இருப்பது நல்லது.

உங்கள் மாமியார் பேரன்மேல் உள்ள பாசத்தில் பயப்படுகிறார். ஒழுங்காக ரத்தம் ஏற்றி, மாத்திரையும் விடாமல் எடுத்தவர்கள் படித்து, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொண்டு வாழ்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரு முறை அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே வரும் பெரிய பிள்ளைகளைப் பார்க்கட்டும்.

அந்தக் கோப்பை விஷயத்தைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. உடல்நலத்தோடு பிறந்ததற்கு மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்தால், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? சிகிச்சைக்காகப் போகும் நாட்களை விடுப்பாக எண்ண வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கணவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். மகனிடம், "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று மழுப்பாதீர்கள். "ரத்தம் ஏற்றாமல் இருக்க முடியாது கண்ணா. நீ லீவு போடவில்லை, மருத்துவமனைக்குப் போயிருந்தாய்" என்று நேராகச் சொல்லுங்கள். பதினோரு வயதில் அது புரியும்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றும் தேதிக்கு முன்பாகவே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இரும்பு மாத்திரையைப் பற்றிய வரி முதலில் வரட்டும்.