தார் எடுத்தாச்சு, 50 ஆயிரத்துல முதல்ல எத வாங்குறது?

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு மஹிந்திரா தார் ஜீப் எடுத்திருக்கேன், வீடு வேளச்சேரி. ஆஃப்ரோடு ஓட்டினதே இல்ல. ஜி.பி. ரோடு கடைல எம்.டி. டயர் (சேத்துக்கான பெரிய கட்டை டயர்), லைட் பார், முன்னாடி இரும்பு கார்டு, ஸ்னார்க்கல் (தண்ணில போனா இன்ஜினுக்கு மேலேருந்து காத்து எடுக்கற குழாய்)னு பெரிய கொட்டேஷன் கொடுத்துட்டாங்க. கைல 50 ஆயிரம்தான் இருக்கு. எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: தம்பி, முதல்ல உங்க வண்டி ஃபோர் பை ஃபோர் (நாலு வீலும் இழுக்கறது) தானான்னு பாருங்க, 2023லேருந்து பின் வீல் மட்டும் இழுக்கற ரியர் வீல் டிரைவ் தாரும் வருது, வெளிய பாத்தா சட்டுனு வித்தியாசம் தெரியாது, கியர் பக்கத்துல 2எச், 4எச், என், 4எல்னு போட்ட இன்னொரு குட்டி லீவர் இருக்கணும்.

இரும்பு கார்ட மறந்துடுங்க. அது மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுக்கு எதிரானதுன்னு 2017 டிசம்பர்லயே சென்ட்ரல் கவர்ன்மென்ட் சொல்லிடுச்சு, ஏர்பேக் சென்சாருக்கும் அது ஆகாது. ஸ்னார்க்கல் இப்போதைக்கு வேணாம் (வேளச்சேரிக்காரர் டிசம்பர் வெள்ளத்துல யோசிப்பீங்கதான், இருந்தாலும் வேணாம்). லைட் பார் சும்மா ஷோ.

காசு போட வேண்டியது காத்துலயும் கயித்துலயும்தான். மணல்ல வண்டி புதையுறதுக்கு முக்கால்வாசி காரணம் டயர்ல ரோடு பிரஷர் அப்படியே இருக்கறதுதான், 18 - 20 பாயிண்டுக்கு இறக்கினா டயர் பரந்து உக்காந்து மேலயே ஓடும், ஆனா திரும்ப ரோடு ஏறும்போது ஏத்தியே ஆகணும், அதனால ஒரு நல்ல கேஜும் கம்ப்ரஸரும் வேணும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற குட்டி கம்ப்ரஸர் இந்த சைஸ் டயருக்கு திணறும், ரெண்டு டயர்லயே கொதிச்சுடும். நேரா பேட்டரில கிளிப் மாட்டுற டைப் கேளுங்க.

கயிறு விஷயத்துல கடைக்காரர் "டோ ரோப்"னு நீட்டுவார், அது ரோட்ல மெதுவா இழுக்கறதுக்கு. புதைஞ்ச வண்டிய வெளிய எடுக்க ரப்பர் மாதிரி நீண்டு சுருங்குற கைனெட்டிக் ரோப் வேணும், அதோட பிரேக்கிங் ஸ்ட்ரெங்த் (எவ்ளோ இழுத்தா அறுந்துபோகும்ங்கற அளவு) லோடோட வண்டி வெயிட்ல மூணு மடங்காவது இருக்கட்டும், தாருக்கு 7 - 8 டன். கூடவே ரோப்ப வண்டில மாட்டுற இரும்பு வளையம், ஷேக்கிள், ரெண்டு. கைல எடுத்து உடம்புல பாருங்க, டபிள்யூ.எல்.எல். (பத்திரமா தாங்குற லோடு) 4.75 டன்னு எழுத்து வார்ப்புலயே பதிஞ்சிருக்கணும், புதுப்பேட்டைல கிடைக்கிற எழுத்தே இல்லாத மொழுமொழு ஷேக்கிள் எவ்ளோ சீப்பா இருந்தாலும் தொடாதீங்க, அறுந்தா குண்டு மாதிரி பறக்கும். டோ பால்ல (டிரெய்லர் மாட்ட பின்னாடி இருக்கற இரும்பு உருண்டைல) ரோப்ப மாட்டவே கூடாது, அது பிச்சுக்கிட்டு வந்து ஆள் செத்த கேஸ் எல்லாம் உண்டு.

டயர் இப்போ மாத்தாதீங்க. செகண்ட் ஹேண்ட் வண்டிங்கறதால சைடுல இருக்கற டாட் கோட் கடைசி நாலு நம்பர மட்டும் பாருங்க, 3521னா 2021ல 35வது வாரம் தயாரானது. ரொம்ப பழசா இருந்தா ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகுற ஏ.டி. டயர் போடுங்க, எம்.டி. ஓ.எம்.ஆர்ல சத்தம் போட்டே கொல்லும், ஈர ரோட்ல பிரேக்கும் சுமார்தான்.

மிச்ச காசுல சொல்லித்தர ஆள் இருக்கற குரூப்போட ஒரு நாள் போங்க, ரெண்டாவது வண்டி இல்லாம எங்கயும் இறக்க வேணாம். நீலாங்கரை பக்கம் பீச்ல ட்ரை பண்ணலாம்னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க, ஜனவரிலேருந்து ஆமை முட்டை போடுற மணல் அது.