குவாதலூப் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

கரீபியனில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்கு டூர் கம்பெனி இல்லாமல் தாமாகவே போக நினைக்கிறவர்கள் கேட்டதையெல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் புதுச்சேரிக்காரி, இப்போது பாரிஸ் பக்கம் குடியிருக்கிறேன், அந்தத் தீவுக்கு ஐந்து தடவை போய் வந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறது. பிரான்ஸ்தானே, அதை வைத்தே போகலாமா?

போக முடியாது. எல்லாரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம், காசு யூரோ, ஆனால் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டங்களுக்கென்று தனியாக விசா எடுக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே போகும் இடம் குவாதலூப் என்று எழுத வேண்டும். பாரிஸ் வழியாகப் போனால் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் விமானம் சார்ல் த கோல் நிலையத்தில் இறங்கும், தீவுக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலானவை ஓர்லியிலிருந்து கிளம்பும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நீங்கள் பிரான்ஸுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசாவும் வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள், ஆகவே ஒரே ஒரு முறை நுழையும் விசா போதாது. இரண்டையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், விசா கையில் வரும்வரை திரும்பப் பணம் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

மொன்ட்ரியாலிலிருந்து: எங்களுக்கு?

கனடா பாஸ்போர்ட் என்றால் 90 நாள் வரை விசா வேண்டாம், மொன்ட்ரியாலிலிருந்து நேரடி விமானமும் உண்டு. உங்கள் வேலை சுலபம்.

பாரிஸ் பக்கத்து லா கூர்நேவிலிருந்து ஒரு தங்கை: அக்கா, நாங்கள் நாலு பேர், ரெண்டு சின்னப் பிள்ளைகள். பிரெஞ்சு அடையாள அட்டை இருக்கு. எந்த மாதம் போனால் நல்லது? எங்கே தங்குறது?

அடையாள அட்டையே போதும் தங்கச்சி, பிள்ளைகளுக்கும் தனித்தனியாக அட்டை இருக்கட்டும். விமானம் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது எடுத்து வையுங்கள்.

மாதம் பற்றி. டிசம்பரிலிருந்து மே வரை வறண்ட காலம், அங்கே அதைக் கரேம் என்பார்கள். ஜூனிலிருந்து நவம்பர் வரை மழையும் புயலும், அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர்தான் பயப்பட வேண்டிய மாதங்கள். 1989-ல் ஹியூகோ புயல் தீவையே புரட்டிப் போட்டது, 2017-ல் மரியா வந்தது, இரண்டுமே செப்டம்பரில். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பது உங்கள் நிலைமையாக இருந்தால் பிப்ரவரியோ ஏப்ரலோ பாருங்கள், விலை கூடத்தான் செய்யும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் முதல் இரண்டு வாரம், இல்லையென்றால் மே மாதம். கூட்டம் குறைவு, டிக்கெட்டும் மலிவு.

தங்குவதுதான் பெரிய கேள்வி. வரைபடத்தில் பார்த்தால் தீவு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இடது இறக்கை பாஸ்-தேர், எரிமலையும் காடும் அருவியும். வலது இறக்கை கிராந்த்-தேர், தட்டையான சுண்ணாம்பு நிலம், கரும்பு, வெள்ளை மணல் கடற்கரை. நடுவில் ரிவியேர் சலே என்று ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய், அதன்மேல் இரண்டே பாலங்கள். தீவின் வண்டிகள் எல்லாம் காலையும் மாலையும் அந்தப் பாலங்களையும், பக்கத்தில் ஜாரி என்ற தொழிற்பேட்டையையும் கடந்தாக வேண்டும். ஒரே இடத்தில் பத்து நாள் வாடகைக்கு எடுத்துவிட்டு தினமும் குறுக்கே போய்வருகிறவர்கள் விடுமுறையில் பாதியை நெரிசலில்தான் கழிப்பார்கள். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் செய்தோம், பின்சீட்டில் பிள்ளைகள் அழுததுதான் ஞாபகத்தில் நிற்கிறது. அதனால் பாதி நாட்கள் பாஸ்-தேர் பக்கம் தெஷே அல்லது புயாந்த்தில், மீதி நாட்கள் கிராந்த்-தேர் பக்கம் சேந்த்-ஆன் அல்லது சேன்-பிரான்சுவாவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு சேந்த்-ஆன் கடற்கரை மிக நல்லது, பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். சமையலறையோடு சின்ன வீடுகள் கிடைக்கும், ஜீத் என்பார்கள், குடும்பத்துக்கு ஹோட்டலைவிட அதுதான் வசதி.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்: கார் எடுக்காமல் பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா? தனி ஆள், செலவைக் குறைக்கப் பார்க்கிறேன்.

ஊருக்கு ஊர் பஸ் இருக்கிறது, மலிவும்கூட. ஆனால் சாயங்காலம் ஆறு மணியோடு கிட்டத்தட்ட எல்லாம் நின்றுவிடும், ஞாயிறு அன்று பெரும்பாலும் ஓடாது, அருவிக்கும் எரிமலைக்கும் போகும் மலைப்பாதைகளில் பஸ்ஸே கிடையாது. பஸ்ஸை நம்பிப் போனால் கடலோர ஊர்களைப் பார்க்கலாம், தீவின் உள்பகுதி தெரியாமலே திரும்பி வருவீர்கள். எல்லா நாளும் கார் வேண்டாம் என்றால் நாலு நாள் மட்டும் எடுத்து அந்த நாட்களில் பாஸ்-தேர் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

கார் எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கொண்டுபோங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை. பெட்ரோல் விலையை அரசே நிர்ணயிக்கிறது, எல்லா பங்கிலும் ஒரே விலை, மலிவான பங்கு தேடி அலைய வேண்டாம். வாடகைக் காரைக் கையில் வாங்கும்போது நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலை நம் தலையில் கட்டினால் காட்டுவதற்கு வேண்டும். அப்புறம், காருக்குள் கண்ணில் படும்படி எதையும் வைக்காதீர்கள். ஒரு அருவிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடத்தில் திரும்பினோம், கண்ணாடி உடைந்து கிடந்தது, பின்சீட்டில் இருந்த பையைக் காணோம். பையில் துண்டும் பிஸ்கட்டும்தான் இருந்தன, ஆனால் போலீஸில் புகார், வாடகைக் கம்பெனிக்குக் கடிதம் என்று ஒரு முழு நாள் போய்விட்டது.

பெங்களூரிலிருந்து: எரிமலை ஏறலாமா? ஆபத்தா?

ஏறலாம், ஏற வேண்டும். லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர், கிழக்குக் கரீபியனில் உள்ள சிறிய அண்டிலீஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம். இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை. 1976-ல் அது பொங்கத் தொடங்கியபோது சுற்றுவட்டாரத்தில் 70,000 பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இப்போதும் உச்சியில் கந்தகப் புகை வரும், அதனால் சில பகுதிகளை அடைத்து வைத்திருப்பார்கள். கயிறு கட்டி அடைத்த இடத்தைத் தாண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலை எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் உச்சிவரை போகாமல் பாதியிலேயே திரும்புவது நல்லது.

சேன்-கிளோத் ஊருக்கு மேலே பேன் ஜோன் என்ற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அங்கே இதமான வெந்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது, இறங்கி வந்த பிறகு காலை நனைக்க. போய்வர மூன்றரை, நாலு மணி நேரம் பிடிக்கும். காலை ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினால் கடலும் பக்கத்துத் தீவுகளும் தெரியும், பத்து மணிக்குமேல் போனால் பெரும்பாலும் மேகத்துக்குள் நடப்பீர்கள், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெப்பமண்டலத் தீவுதானே என்று பனியனோடு கிளம்பாதீர்கள், மேலே காற்றும் மழையும் நடுங்க வைக்கும். மழைச்சட்டை, சேற்றில் வழுக்காத காலணி, மாற்றுத் துணி. சூரியன் வருடம் முழுவதும் ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் மறைந்துவிடும், அந்தி என்று நீண்ட நேரம் இருக்காது, சட்டென்று இருட்டும். இந்தத் தீவில் எதைச் செய்தாலும் விடியற்காலையில் செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், எரிமலைக்கு அது இருமடங்கு பொருந்தும்.

அதே நபர்: அருவிகள்?

கர்பே அருவிகள் மூன்று. இரண்டாவதுதான் எளிது, 110 மீட்டர் உயரம், இருபது முப்பது நிமிட நடையில் பார்வை மேடை வரும். மலையில் மழை பெய்கிற நாளில் ஆற்றில் இறங்கக் கூடாது, மேலே பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே திடீர் வெள்ளமாக வந்துவிடும்.

லண்டனிலிருந்து: கடற்கரையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். 2011-லிருந்து சார்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து மந்தை மந்தையாக வந்து ஒதுங்குகிறது. அது கரையில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், தலைவலி, குமட்டல் எல்லாம் உண்டு. கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகளில்தான் அதிகம், மேற்கே கரீபியன் கடலைப் பார்த்த பக்கம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஒரு நாள் நாறுகிற கரை மறுநாள் சுத்தமாகவும் இருக்கும், காலையில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாறினால் நேரே மேற்கே தெஷே பக்கம் கிராந்த் ஆன்ஸுக்கு ஓட்டுங்கள், பொன்னிற மணல், நீண்ட கரை. கடலாமை பார்க்க மலாந்தூர். அங்கே மணல் கறுப்பு, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து நீந்தினாலே ஆமைகள் புல் மேய்வதைப் பார்க்கலாம். தொடாதீர்கள், துரத்தாதீர்கள்.

இதைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். கடற்கரையில் மான்ஸ்னிலியே என்று ஒரு மரம், குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் காய்க்கும், நல்ல வாசனையும் வரும். காய், இலை, பால் எல்லாமே விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். தரையில் கிடக்கும் எந்தக் காயையும் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: நான் சைவம். பட்டினியா?

பட்டினி இல்லைம்மா, ஆனால் கடையை நம்பினால் கஷ்டம். காய்கறி என்று சொல்லித் தரும் பதார்த்தத்திலும் உப்புக் கருவாடோ பன்றி இறைச்சித் துண்டோ கிடக்கும். அக்ரா என்ற பஜ்ஜி பார்க்க நம் வடை மாதிரி இருக்கும், பெரும்பாலும் உள்ளே மீன். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். சந்தையில் எல்லாம் கிடைக்கும்: கிரிஸ்தோஃபின் என்பார்கள், அது நம் சௌசௌதான், பூசணி, சேப்பங்கிழங்கு வகை, ஈரப்பலாக்காய், வாழை. சமையலறை உள்ள வீடு எடுத்துக்கொண்டால் நிம்மதி. பொக்கித் என்ற எண்ணெயில் பொரித்த ரொட்டியை முட்டை, பாலாடைக்கட்டி வைத்துக் கேட்கலாம், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்ல வேண்டும், சொல்லாமல் நேரே விலை கேட்டால் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் உதவாது.

பாரிஸிலிருந்து ஒரு தம்பி: பக்கத்துச் சின்னத் தீவுகளான லே செந்த், மரி-கலாந்த் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. லே செந்த்துக்கு துருவா-ரிவியேரிலிருந்து படகில் இருபது நிமிடம் சொச்சம், மரி-கலாந்த்துக்கு புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். திசையே வேறு. கடல் குலுக்கும், வாந்தி மாத்திரை முன்கூட்டியே போடுங்கள். லே செந்த்தில் காலையில் முதலில் ஃபோர் நப்போலியோன் கோட்டைக்குப் போங்கள், அது மதியத்தோடு மூடிவிடும், அப்புறம் கடற்கரை. மரி-கலாந்த்தில் ஓர் இரவு தங்கினால் நல்லது. பகல் படகில் வந்தவர்கள் போன பிறகு கரும்புக்காடும் மாட்டுவண்டியும் அமைதியும்தான் மிஞ்சும்.

காரைக்காலிலிருந்து: எங்கள் ஊரிலிருந்து அந்தக் காலத்தில் ஆட்கள் போனார்கள் என்று தாத்தா சொல்வார். அவர்கள் வழிவந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? எங்கே பார்க்கலாம்?

இருக்கிறார்கள், நிறையவே. 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பரில் ஓரேலி என்ற கப்பல் முதல் இந்தியர்களை அங்கே இறக்கியது. அதன்பின் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள், பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், மாண்டவர்கள் ஏராளம். அங்கே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமைகூட மறுக்கப்பட்டது. அதற்காக ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-லிருந்து வழக்காடி 1923-ல் வென்றார்.

கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்குப் போங்கள். ஷான்ஜி என்ற இடத்தில் சாலையோரமாகவே வண்ணக் கோபுரத்தோடு கோயில் நிற்கும். மாரியம்மனை அவர்கள் மாலியேமன் என்பார்கள், மதுரை வீரனும் உண்டு, பெயர் உருமாறி இருக்கும். செருப்பைக் கழற்றி, பெரியவர்கள் இருந்தால் வணங்கி, அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். சில பூசைகளில் ஆடு பலி உண்டு, பார்க்க மனமில்லாதவர்கள் அந்த நாளில் தள்ளி இருங்கள். கடைப் பலகையிலும் தபால்பெட்டியிலும் ராமசாமி, முத்துசாமி, வீரசாமி என்று பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்திருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர்களிடம் போய் "தமிழ் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது, அவர்கள் பேச்சு தீவின் மொழியான கிரியோலும் பிரெஞ்சும், மொழி அவர்களிடமிருந்து எப்படிப் போனது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் காரைக்கால் என்று சொல்லுங்கள், அந்த ஒரு பெயர் போதும். முதல் தடவை நான் புதுச்சேரி என்று சொன்னதும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் ஆட்டுக்கறி கொலொம்போ போட்டார். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு அரைத்த மசாலா, பெயரே குழம்பிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். மசாலாப் பொடி சந்தையில் பாக்கெட்டாக விற்கும், உங்கள் தாத்தாவுக்கு ஒன்று வாங்கி வாருங்கள்.