மாமியின் யோகட் கப்புகள்

வணக்கம் அண்ணா,

மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்தது பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த பிறகுதான் வீட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். நான், கணவர், தரம் 10 படிக்கும் மகள், மாமி. ஆறு மாதத்துக்கு முன் ஒரு வேகத்தில் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரோ, சணல் பைகள், மசாலாத்தூள் போட ஒரே அளவில் இருபது கண்ணாடிப் போத்தல் என்று இணையத்தில் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கணக்குப் பார்த்தால் செலவு கூடியிருக்கிறதே தவிர ஒரு ரூபாய் மிச்சமில்லை. கரண்ட் பில் மாதம் 195, 200 யூனிட் என்று அப்படியே நிற்கிறது. கணவர் சிரிக்கிறார்.

மாமியோ எதையும் எறிய விடமாட்டார். யோகட் கப், ஐஸ்கிரீம் பெட்டி, ரப்பர் வளையம், சொப்பிங் பைகள் எல்லாம் குசினியில் அடுக்கி வைத்திருக்கிறார். ஆட்கள் வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பசுமை வாழ்க்கை என்பதெல்லாம் காசுள்ளவர்களுக்குத்தானா அண்ணா? சின்னப் பழக்கங்களால் உண்மையில் ஏதாவது நடக்குமா, நடக்குமென்றால் எங்கே தொடங்குவது? அந்த யோகட் கப்புகளை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டீல் ஸ்ட்ரோ வரும்வரை பேசாமல் இருந்தவர், "அந்த வீட்டில் ஆர் ஸ்ட்ரோவில குடிக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். அந்த இருபது கண்ணாடிப் போத்தல் வருவதற்கு முன்னால் உங்கள் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எதில் இருந்தன? ஜாம் போத்தலிலும் பால்மாப் பேணியிலும் இருந்திருக்கும், அவற்றை எறிந்துவிட்டுத்தான் புதியதை அடுக்கியிருப்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருளைச் செய்யப் போன மண்ணும் எண்ணெயும் மின்சாரமும் போனது போனதுதான், அதை எறிந்துவிட்டு எவ்வளவு நல்ல பொருளை வாங்கினாலும் அது இரண்டாவது செலவு. இந்த விஷயத்தில் உங்கள் மாமி உங்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறார் என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்தானே. மாமி செய்வதும் எல்லாம் சரியில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்குவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வீட்டில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று கரண்ட் பில், மற்றது குப்பை வாளி.

கரண்ட் பில்லில் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தைக் கூட்டும், குறைக்கும், அதனால் தொகையை வைத்து நீங்கள் மிச்சம் பிடித்தீர்களா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிறவருக்கு ஒரு விலை, அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, 180ஐத் தாண்டினால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் இருப்பதிலேயே கூடிய விலை, அதோடு மாதாந்த நிலையான கட்டணமும் ஏறிவிடும். நீங்கள் 195இல் நிற்கிறீர்கள். அதாவது உங்கள் பில்லில் மிக விலை கூடியவை அந்தக் கடைசிப் பதினைந்து யூனிட்கள்தான். வீடு முழுக்க இருட்டில் இருக்கத் தேவையில்லை, அந்தப் பதினைந்தை வெட்டினால் போதும்.

அது எங்கே இருக்கிறது? ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் பொருள் ஒன்று ஒரு மணி நேரம் ஓடுவது. 9 வாட் எல்ஈடி பல்பை அணைத்தாயா அணைத்தாயா என்று மகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள், எல்லா அம்மாமாரும் செய்கிற வேலை அது, அந்தப் பல்ப் ஒரு யூனிட் எரிக்க நூறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். குளியலறையில் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, புதிய தொடர்மாடி என்றால் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அது 3500 வாட் என்றால், மூன்று பேர் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 1.75 யூனிட், மாதத்துக்கு ஐம்பதுக்கு மேல்! கொழும்பில், கூரைத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரே பகலில் கை சுடுகிற ஊரில், நாம் காசு கட்டித் தண்ணீரைச் சுடவைத்துக் குளிக்கிறோம். மாமிக்கு மூட்டுவலி என்றால் அவருக்கு மட்டும் விடுங்கள், மற்ற மூவரும் பச்சைத்தண்ணீருக்கு மாறினால் உங்கள் பதினைந்து யூனிட் இங்கேயே கிடைத்துவிடும், இன்னும் மிஞ்சும்.

ஏசி இருந்தால் 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஃபேன் ஏறக்குறைய 70 வாட்தான், விடிய விடிய ஓடினாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேலே. பிரிஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம், பிரிஜ் இரவு பகலாக வெளியிலுள்ள சூட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. இஸ்திரியைத் தினமும் காலையில் ஒரு சட்டைக்காகச் சூடாக்காமல் சனிக்கிழமை பகலில் ஒன்றாகப் போட்டு எடுங்கள். பகலில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்க ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுகிறோம், அந்த நான்கு மணி நேரத் தேவைக்காகத்தான் விலை கூடிய எண்ணெயை எரித்து மின்சாரம் எடுக்க வேண்டி வருகிறது. நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற மீட்டர் உங்களிடம் இல்லையென்றால் உங்கள் பில்லில் இதனால் வித்தியாசம் வராது, ஆனால் பசுமை என்று கேட்டீர்களே, அதற்கு இது ஸ்ட்ரோவைவிடப் பெரிய விஷயம்.

சரி, குப்பை வாளி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் கொட்டாஞ்சேனைக்காரன், புளுமெண்டல் குப்பை மேட்டின் நாற்றத்தோடு வளர்ந்தவன். அது மூடப்பட்ட பிறகு குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், அந்த மலை பக்கத்து வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் மேல் விழுந்ததில் பெரும்பங்கு நம் குசினிகளிலிருந்து போனதுதான். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, மீன் கழிவு, தேங்காய்ச் சக்கை. அதைச் சொப்பிங் பையில் இறுகக் கட்டி மலையாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி வாயு வரும், கழிவுநீர் வரும், மழை பெய்தால் பாரம் கூடும். இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், 2021 முதல். ஈர விறகை அடுப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஈரக் குப்பையை எரிப்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள் என்று மாநகர சபைக்காரர் கேட்பது வெறும் சட்டத்துக்காகக் கேட்பதல்ல.

நாலாம் மாடியில் உக்கவைக்க முடியுமா என்றால், முடியும், ஆனால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் தடவை ஒரு பழைய பெயிண்ட் வாளியில் மரக்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் நிரப்பி மூடி பல்கனியில் வைத்தேன். ஒரு கிழமையில் புழு, பத்தாம் நாள் கீழ்வீட்டு ஐயா மேலே ஏறி வந்து, "தம்பி, உங்கட வீட்டில ஏதும் செத்துக் கிடக்குதோ?" என்று கேட்டார். பிழை என்னவென்றால் நான் பச்சையை மட்டும் போட்டிருந்தேன், காய்ந்தது எதுவும் போடவில்லை, வாளியில் காற்றுப் போக ஓட்டையும் இல்லை. இப்போது ஒரு மண்பானை, பக்கத்தில் துளைகள், ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு அல்லது தும்புத்தூள், மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுவது. நாற்றமே இல்லை. மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி இதற்குள் போகக் கூடாது. உங்கள் வாளியில் பாதி இப்படிப் போய்விட்டால் மிஞ்சுகிறது காய்ந்த குப்பை, அதில் பேப்பர், போத்தல், தகரம் எல்லாம் "போத்தல், பத்தர!" என்று கூவிக்கொண்டு ஒழுங்கைகளில் வருகிறவருக்குக் காசுக்குப் போகும். நம் ஊரில் மீள்சுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே அந்தத் தொழில் இருந்தது.

சமையலில் காஸ் மிச்சம் பிடிப்பது பற்றி 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் யாருக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிலிண்டரோடு வரிசையில் நின்றோம், மார்ச் மாதக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. அந்த நாட்களை நமக்குச் சிக்கனம் கற்றுத்தந்த காலம் என்று சிலர் எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும், தொடர்மாடியில் விறகும் வைக்க முடியாமல் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் தேடியவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும் பார்ப்போம். ஆனால் அப்போது பழகிய ஒன்றை நாங்கள் விடவில்லை. சிவப்பரிசியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறுக மூடி, பானையோடு பழைய பெட்சீட்டில் சுற்றி, மீன் வருகிற ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் மிச்சம் தானாக வெந்துவிடும், சுடச்சுட எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். கடலை, பயறு இரவே ஊறவேண்டும். தேங்காய் விற்கிற விலையில் இரண்டாம் பால் பிழியாமல் சக்கையை எறிகிற வீடு இப்போது இருக்காது என்று நினைக்கிறேன்.

பலசரக்கு வாங்க மாதம் ஒருமுறை புறக்கோட்டை போக முடிந்தால் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் நிறுத்து வாங்கலாம், உங்கள் சணல் பைகளுக்கும் அப்போதுதான் உண்மையான வேலை வரும். போகும்போது ஓட்டோவை மறந்துவிடுங்கள், வெள்ளவத்தையில் இருப்பவருக்கு ரயில் நிலையமே காலடியில் இருக்கிறது, கடலைப் பார்த்துக்கொண்டு கோட்டைக்குப் போய் இறங்கலாம். திரும்பும்போது சாமான் பாரம் என்றால் ஓட்டோ பிடியுங்கள், தப்பில்லை. தண்ணீர் பற்றி ஒன்று மட்டும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற குழாய் நாளுக்கு லீற்றர் கணக்கில் ஒழுக்கும், அத்தனையையும் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றிய மோட்டார் செலவும் உங்கள் தொடர்மாடிப் பராமரிப்புக் காசில்தான் வருகிறது. ஒரு வாசர் மாற்றினால் முடிந்தது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு மனைவி கேட்ட இரண்டாவது கேள்வி இது: "இதெல்லாம் ஆர் செய்யிறது?" தோலைப் பிரிப்பது, பானையைக் கிளறுவது, துணிப்பையைத் துவைப்பது, சோற்றுப் பெட்டி கழுவுவது. பசுமைக் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதைச் செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் பானை கிளறுவது மட்டும்தான் என் வேலை என்று மனைவி இங்கே எழுதச் சொல்கிறார். உங்கள் கணவர் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஹீட்டர் சுவிட்சை அணைப்பதும், வேலைக்குப் போகும்போது லஞ்ச் சீட்டில் சுற்றிய கடைப் பார்சலுக்குப் பதில் பெட்டியில் சோறு கொண்டுபோவதும், அந்தப் பெட்டியைத் தானே கழுவி வைப்பதும் அவர் கணக்கில் இருக்கட்டும். பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டம்பரிலேயே தடை வந்தது, ஆனாலும் சோறு இன்னும் அதில்தான் வருகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

இனி யோகட் கப். மாமி சேர்த்துவைப்பது சரி, ஆனால் ஐஸ்கிரீம் பெட்டியில் சூடான கறியை ஊற்றுகிறார் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த பிளாஸ்டிக் குளிருக்காகச் செய்தது. ஆறிய சாமான், அரிசி, கடலை, ஊசி நூல் எல்லாம் வைக்கலாம். யோகட் கப்பில் அடியில் துளையிட்டு, பானையில் உக்கிய மண்ணைப் போட்டு, செத்தல் மிளகாய் விதையோ தக்காளி விதையோ தூவச் சொல்லுங்கள், நாற்றுக்கு அதைவிட நல்ல தொட்டி கடையில் இல்லை. பத்துக் கப் அதற்குப் போதும். மீதி ஐம்பதுக்கு என்னிடம் வழியில்லை, ஐம்பது சேர்ந்ததுதான் பிரச்சினை. யோகட்டுக்குப் பதில் சட்டித் தயிர் வாங்குங்கள், சட்டி மிஞ்சினால் அதிலும் கன்று வைக்கலாம். மாமிக்கு இந்த யோசனை என்னுடையது என்று சொல்லாமல் அவரிடமே கேட்பது போலக் கேளுங்கள், அவருக்கு இதைவிட நல்லது தெரிந்திருக்கும்.

இன்றைக்கு மீட்டரில் இருக்கிற எண்ணை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். முப்பது நாள் கழித்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், பில் தொகை வேண்டாம்.