பிபி விழுந்தால் வைட்டமின் ஊசியா? ஐசியூ மருத்துவரிடம் கேள்வி பதில்

மருத்துவ மாணவர்: செப்டிக் ஷாக்குக்கு, அதாவது கிருமித் தொற்று முற்றி பிபி விழும் நிலைக்கு, வைட்டமின் சி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது சார்?

2017இல் அமெரிக்காவின் நார்ஃபோக் நகரிலிருந்து பால் மாரிக் என்ற ஐசியூ மருத்துவர் வெளியிட்ட கட்டுரை. 6 மணிக்கொரு தரம் 1.5 கிராம் வைட்டமின் சி, கூடவே தயாமின் (வைட்டமின் பி1), ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு. கொடுத்த 47 பேரில் இறந்தது 4 பேர். அதற்கு முந்தைய மாதங்களில் வந்த 47 பேரில் 19. படித்த அன்று எனக்கும் நம்பிக்கை பிறந்தது. பிபியைத் தாங்கும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்க வைட்டமின் சி வேண்டும், ஷாக்கில் அது உடம்பில் வற்றிப்போகிறது. ஆனால் ஒரே மருத்துவமனை, யாருக்கு மருந்து என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. 2022இல் 872 பேரை அப்படிக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது லோவிட் என்ற ஆய்வு. 28ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் தேறாதவர்களும் சேர்த்து, வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5%, பெறாதவர்களில் 38.5%. நான் நிறுத்திவிட்டேன்.

இன்னொருவர்: லோவிட்டில் சி மட்டும்தானே? மூன்றும் சேர்ந்தால்தான் பலன்!

நியாயமான வாதம். 2020இல் வந்த 'வைட்டமின்ஸ்' என்ற ஆய்வு அதைத்தான் சோதித்தது: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசிலில் 216 பேர். மூன்றும் பெற்றவர்களுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மட்டும் பெற்றவர்களுக்கும், பிபி மருந்து இல்லாமல் உயிரோடு இருந்த நேரத்தில் வித்தியாசமே இல்லை.

அதே நபர்: கெடுதல் இல்லையென்றால் போட்டுப் பார்க்கலாமே?

கெடுதல் உண்டு. வைட்டமின் சி ஓடிய ஒரு அம்மாவுக்குக் குளுக்கோமீட்டர் 300க்கு மேல் காட்டியது. சிஸ்டர் இன்சுலினை சிரிஞ்சில் எடுத்துக் கையில் வைத்திருந்தார். லேபில் பார்த்தால் சர்க்கரை நார்மல்; வைட்டமின் சி மீட்டரை ஏமாற்றிவிட்டது. அந்த ஊசி போயிருந்தால்?

செவிலியர்: அப்போ தயாமினும் வீணா டாக்டர்?

இல்லவே இல்லை. குடிப்பழக்கம் உள்ளவர், வாரக்கணக்கில் சாப்பிடாதவர், வாந்தி நிற்காத கர்ப்பிணி: இவர்களுக்கு ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் ஏறி, பிபி விழுந்தால் பெரிபெரியை, அதாவது தயாமின் குறைபாட்டு நோயை, நினையுங்கள். தயாமின் ஊசி போட்ட சில மணி நேரத்தில் தேறுவார்கள். விலையும் குறைவு.

மயக்கவியல் முதுநிலை மாணவர்: இதய அறுவைக்குப் பின் பிபி விழுந்தால் வைட்டமின் பி12 கொடுக்கலாமா?

பி12இன் ஒரு வடிவமான ஹைட்ரக்ஸோகோபாலமின் 5 கிராம். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதால் பிபி ஏறும். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகுதான். சிறுநீர் சிவக்கும், டயாலிசிஸ் மெஷின் அந்தச் சிவப்பை ரத்தக் கசிவு என்று நினைத்து அலறும்.

ஒரு மகள்: அப்பா ஐசியூவில். வைட்டமின் சி போடச் சொல்லட்டுமா?

வேண்டாம்மா. ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டார்கள், சராசரி பிபி 65 நிற்கிறதா, சிறுநீர் போகிறதா என்று கேளுங்கள். அப்பா குடிப்பவரென்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேறொருவர்: வீட்டில் பிபி 90/60. வைட்டமின் சி மாத்திரை போடலாமா?

மாத்திரை வேண்டாம். காய்ச்சலும் உளறலும் இருந்தால் உடனே கேஷுவால்டி.

செவிலியர்: வைட்டமின் சி ஓடும்போது சர்க்கரை எதில் பார்ப்பது?

லேபில். மீட்டரை நம்பி இன்சுலின் போடாதீர்கள்.