சயின்ஸ், இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு காலேஜ்ல வரலாறு, இலக்கியம், தத்துவம்லாம் எதுக்கு? டைம் வேஸ்ட் தானே?

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ரெண்டாவது வருஷம் கட்டாயம் ஒரு ஹியுமானிட்டீஸ் பேப்பர் எடுக்கணும்னாங்க, டைம்டேபிள்ல வேற எதுவும் ஒத்து வரலன்னு வரலாறு எடுத்தேன். மொத நாள் அந்த மேடம் பாடமே நடத்தல. ஒரு பழைய வரி வசூல் கணக்கோட நகலைக் கையில குடுத்து, இதை எழுதினது யாரு, யாரு படிக்கணும்னு எழுதினாங்க, இதுல யாரோட பேரு இல்லன்னு மூணு கேள்வி கேட்டாங்க, ஒரு மணி நேரமும் அந்த ஒத்தப் பக்கம்தான். இல்லாததை எப்படிப் படிக்கிறதுன்னு எனக்கு அன்னைக்குப் புரியவே இல்ல.

புரிஞ்சது வேலைக்குப் போய் நாலு வருஷம் கழிச்சு. ஒரு ஆப் வழியா ஏரியா வாரியா வந்த கம்ப்ளெயின்ட் டேட்டாவை வச்சு எங்க முதல்ல சரி பண்ணணும்னு ரிப்போர்ட் எழுதிட்டு இருந்தேன், ஒரு ஏரியாவுல இருந்து மட்டும் ஒரு கம்ப்ளெயின்ட் கூட வரல, சரி அங்க பிரச்சனை இல்ல போலன்னு எழுதப் போகும்போது அந்த மூணாவது கேள்வி ஞாபகம் வந்துச்சு. விசாரிச்சுப் பார்த்தா அங்க இருக்கிறவங்க பேசுற மொழியே அந்த ஆப்ல இல்ல! புரோகிராம் சரி, கணக்கு சரி, ஆனா நான் எழுத இருந்த முடிவு முழுசா தப்பு.

"சிந்திக்கிற திறன் வளரும்"னு எல்லாரும் சொல்ற பதில் எனக்குப் போதல, பிசிக்ஸ் படிச்சாலும் அது வளரும்தான். ஆனா பிசிக்ஸ் கணக்குல தேவையான விவரம் எல்லாம் கேள்வியிலயே குடுத்திருப்பாங்க. வெளில அப்படி யாரும் குடுக்கறதில்ல.

அமெரிக்காவுல டஸ்கிகீ ஆராய்ச்சின்னு ஒண்ணு நடந்துச்சு, 1932ல இருந்து 1972 வரைக்கும் சிபிலிஸ் நோய் இருந்த கிட்டத்தட்ட 400 கறுப்பின ஆண்களை, அந்த நோயைக் குணப்படுத்துற பெனிசிலின் மருந்து வந்த அப்புறமும் வைத்தியம் பண்ணாமலே அரசு சுகாதாரத் துறை கவனிச்சுட்டே இருந்துச்சு. உங்க ரத்தம் கெட்டிருக்குன்னு மட்டும்தான் அவங்க கிட்ட சொல்லியிருந்தாங்க. இது ரகசியமா நடந்ததில்ல, முடிவுகள் மெடிக்கல் ஜர்னல்ல வந்துட்டேதான் இருந்துச்சு, படிச்ச டாக்டருங்க படிச்சாங்க, அத்தனை வருஷத்துல கேள்வி கேட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். அவங்களுக்கு சயின்ஸ் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? அந்த டேபிள்ல நம்பரா இருக்கிறது யாருன்னு பார்க்கிற கண்ணு இல்ல, இதை நினைச்சாலே எனக்கு மனசு கனத்துப் போகும்.

அந்தக் கண்ணைப் பழக்க முடியும்ங்கிறதுதான் ஆறுதல். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியோட மெடிக்கல் ஸ்கூல்ல முதல் வருஷப் பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு பெயின்டிங் முன்னாடி நிக்க வச்சு, அர்த்தம் சொல்லாம கண்ணுல படுறதை மட்டும் ஒண்ணொண்ணா சொல்ல வச்சாங்க. அப்புறம் நோயாளிகளோட போட்டோவைக் காட்டினா முன்னைவிட நிறைய விவரம் கவனிச்சாங்கன்னு 2001ல ஜாமாங்கிற மெடிக்கல் ஜர்னல்ல அந்த ஆய்வு வந்துச்சு.

ஒண்ணு ஒத்துக்கணும், நிறைய காலேஜ்ல இந்தப் பேப்பரை நோட்ஸ் குடுத்து மனப்பாடம் பண்ண வச்சு முடிச்சிடறாங்க, அப்படின்னா நீங்க கேட்ட மாதிரி டைம் வேஸ்ட்தான். அதனால எலெக்டிவ் எடுக்கும்போது மார்க் ஈஸியா வருமான்னு சீனியர் கிட்ட கேக்காதீங்க. கிளாஸ்ல என்ன படிக்கக் குடுப்பாங்க, நம்மள பேச விடுவாங்களா, இதைக் கேட்டுட்டு எடுங்க.