லினக்ஸில் லாகின் செய்ததும் தானாக ஓடும் பின்னணிச் சேவையை நிறுத்த முடியவில்லை. நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையிட சூடோ போட்டால் 'அப்படி ஒரு சேவையே இல்லை' என்கிறது. ஏன்?

உங்களிடம் இருப்பது பழைய மடிக்கணினி, சுழலும் ஹார்ட் டிஸ்க், குனோம் திரைச்சூழல். கோப்புகளைத் தேடித் தேடி அட்டவணை போடும் டிராக்கர்தான் பாடாய்ப் படுத்துகிறது. நீங்கள் சொல்லவில்லை; ஆனால் பட்டவனுக்குத் தெரியாதா?

லினக்ஸில் சேவைகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டி என்ற நிரல். அது ஒரே ஆள் அல்ல. கணினி முழுவதற்கும் ஒன்று ஓடுகிறது. லாகின் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனியாக இன்னொன்று ஓடுகிறது. சூடோ போடும்போது முதலாவதிடம் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்தால் என்ன பதில் வரும்? சூடோவை விட்டுவிடுங்கள். சிஸ்டம்டியிடம் பேசும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு இரண்டு சிறு கோடு போட்டு யூசர் என்று சேர்த்து, ஸ்டேட்டஸ் கேளுங்கள். உங்கள் பெயரில் ஓடுவதெல்லாம் கிளை கிளையாக வந்து நிற்கும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் செலவானது. டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்ட புதிதில், லாகின் செய்தால் போதும், அரை மணி நேரம் டிஸ்க் கரகரவென்று அரைக்கும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இது இன்னும் ஒரு மாதம்தான்" என்றார். புது டிஸ்க் வாங்கி மாட்டி, கோப்புகளை எல்லாம் நகலெடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் முன்பைவிட அதிகம் அரைத்தது. அரைக்காமல் என்ன செய்யும்? டிராக்கருக்கு எல்லாமே புதுக் கோப்புகள்!

அன்றிரவு டிராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3 என்ற பெயரைக் கண்டுபிடித்து, கில் 9 கொடுத்துக் கொன்றேன். உடனே எழுந்துவிட்டது. தவறி விழுந்தால் திரும்பத் தொடங்கு என்று அதன் சேவைக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. ஸ்டாப் கொடுத்தேன், நின்றது. லாகினில் தானாகத் தொடங்காதே என்று டிசேபிளும் கொடுத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் லாகின் செய்தால் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. வேறொரு நிரல், நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கூப்பிட்டால் டிசேபிள் செய்த சேவையும் எழுந்து வரும். மாஸ்க் கொடுத்தால்தான் அடங்கும். அது சேவையின் பெயரை டெவ் நல் என்ற பாழுங்கிணற்றோடு கட்டிவிடுகிறது. குனோம் 47 முதல் இதே ஆள் லோக்கல்சர்ச் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார், ஏமாறாதீர்கள்.

வென்ற மிதப்பில் பட்டியலில் புரியாத பெயர் எல்லாவற்றையும் மாஸ்க் செய்தேன். பைப்வயர் என்பது ஏதோ குழாய் சமாச்சாரம் என்று நினைத்தேன். மாலையில் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒலி முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறதாம். அன்மாஸ்க் செய்து மீண்டேன். ஆகவே பெயர் புரியாததைத் தொடாதீர்கள்.

'தேடல் வசதியைக் கெடுக்கச் சொல்லித்தருகிறீரே' என்று யாராவது வருவார்கள். சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் வைத்திருப்பவர்கள் டிராக்கரோடு நன்றாக வாழட்டும். என் கோப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிஸ்டம்டியே வேண்டாம், பழைய முறையே சொர்க்கம் என்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

இதற்கு நேர் எதிரான தேவையும் ஒரு நாள் வரும். லாகவுட் செய்த பிறகும் நகலெடுப்பு போன்ற ஒரு வேலை ஓட வேண்டும் என்பீர்கள். உங்கள் கடைசி லாகின் செஷன் மூடியதும் உங்களுக்கான பயனர் சிஸ்டம்டியும் கடையைச் சாத்திவிடும். லாகின்சிடிஎல் கட்டளையில் எனேபிள்-லிங்கர் கொடுத்துவைத்தால் சாத்தாது.

புது டிஸ்க் நன்றாகத்தான் ஓடுகிறது. பழையதும் நன்றாகவே ஓடியிருக்கும். அதைத் திருப்பிக் கேட்டபோது, "எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது சார்" என்றார் பழுது பார்ப்பவர். எந்த எக்ஸ்சேஞ்ச்? எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லையே. பதினோரு வருடக் குடும்பப் படங்கள் அதில் இருந்தன, அழித்தாரா என்று கேட்டதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை.